நகராட்சி மைதானத்து நடைபாதையைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், ஆணையர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

நகராட்சி மைதானத்தைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டு, நடக்க வருகிறவர்களுக்குக் காலை 5 மணி முதல் 7 மணி வரை மட்டும் அனுமதி, அதற்கும் மாதம் 300 ரூபாய் கட்டி அட்டை வாங்க வேண்டும் என்று நீங்கள் போட்ட தீர்மானத்தை எதிர்த்து இதை எழுதுகிறேன். மாலையில் பெரிய கதவும் பூட்டு, பம்ப் அறைப் பக்கம் உள்ள சின்னக் கதவும் பூட்டு. உள்ளே பாதி இடத்தில் பச்சை வலை கட்டி, மணிக்கணக்கில் வாடகை வாங்கிக்கொண்டு டர்ஃபில் கிரிக்கெட் ஆட விடுகிறார்கள். ஆடுகிற பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மைதானத்தைச் சுற்றிப் போகும் மண்பாதையைப் பற்றித்தான் என் பேச்சு. நீங்கள் அதைப் பொழுதுபோக்குக் கணக்கில் வைத்து விலை போட்டிருக்கிறீர்கள். எங்களில் பலருக்கு அது வைத்தியத்தில் பாதி.

எனக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது. பல வருடமாக அரசு மருத்துவமனையில் மருந்து வாங்கிச் சாப்பிடுகிறேன். வெளியில் தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது என்று வீட்டில் பயப்படுகிறார்கள், அதனால்தான் கீழே பெயரைப் போடவில்லை. ஆனால் நோயைச் சொல்லாமல் விட்டால், நீங்கள் பூட்டியது எதை என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். அம்மா இறந்த வருடம் எனக்கு இது ஆரம்பித்தது. துக்கம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். வருடத் திதி முடிந்தும் அது போகவில்லை. வெட்டி வைத்த துணி மிஷின் மேல் அப்படியே கிடக்கும். குளிக்கப் போகலாம் என்று துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்காருவேன், மதியம் பிள்ளைகள் சாப்பிட வரும்போதும் துண்டு மடியிலேயே இருக்கும். அழுகைகூட வராது. சோம்பேறித்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. "சும்மா உட்கார்ந்திருந்தா அப்படித்தான், எழுந்து நாலு வேலை பார்" என்றவர்கள் நிறையப் பேர். எழுந்திருக்க முடியாததுதான் நோய் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. அந்தப் பேச்சு ஒவ்வொன்றும் என்னை இன்னும் உள்ளே தள்ளியது.

கடைசியில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனேன். டாக்டரம்மா மாத்திரை எழுதினார், வேலை செய்யச் சில வாரம் ஆகும், அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது என்றார். கிளம்பும்போது, "உங்க ஊர்ல நடக்க இடம் இருக்கா?" என்று கேட்டார். மைதானம் இருக்கிறது என்றேன். "அப்ப தினமும் போங்க. போகணும்னு தோணட்டும்னு காத்திருக்காதீங்க, இந்த நோய்ல அது தோணாது. காலை எடுத்து வச்சப்புறம்தான் மனசு பின்னால வரும்" என்றார்.

முதல் சில வாரம் என் நாத்தனார்தான் கூட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் ஆனதும் வாசலில் வந்து நிற்பாள். "அண்ணி, செருப்பைப் போடுங்க, மத்ததை அங்க போய்ப் பேசிக்கலாம்" என்பாள். ஆரம்பத்தில் காலரிப் படிக்கட்டு வரை போய்த் திரும்பினேன். அப்புறம் ஒரு சுற்று. அப்புறம் வேப்பமரத்தடியில் உட்காராமல் இரண்டு சுற்று. மனசு லேசானது என்று சொல்லிவிட முடியாது, அது ரொம்ப நாள் கழித்துத்தான் நடந்தது. முதலில் வந்தது தூக்கம். ராத்திரி 3 மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தவள், விடியும் வரை தூங்கினேன். தூக்கத்துக்கு அப்புறம் பசி. பசிக்கு அப்புறம் ஒரு நாள் மிஷினில் உட்கார்ந்து, பாதியில் நின்ற ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்து முடித்தேன். மாத்திரையும் ஒரு பக்கம் வேலை செய்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இரண்டும் வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

மாலையில் அந்தப் பாதையில் நடந்தவர்களை நீங்கள் ஒரு நாளாவது நின்று பார்த்திருந்தால் இந்தத் தீர்மானம் வந்திருக்காது. சேலையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, மகன் வாங்கிக் கொடுத்த ஷூ போட்டுக்கொண்டு, சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி வரும் பாட்டி ஒருவர் உண்டு. கணவர் போன பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வருவது இதற்கு மட்டும்தான். வளைகுடாவில் வேலை போய்த் திரும்பிய தம்பி ஒருவர் யாரிடமும் பேசாமல் ஓடுவார். பல வாரம் கழித்து ஒரு நாள் அவரே நின்று, "அக்கா, தண்ணி இருக்கா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் அவர் குரலையே நாங்கள் கேட்டோம். நோய் என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பிரசவம் ஆகிச் சில மாதமே ஆன ஒரு பெண், குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் மட்டும் வந்து வேகமாக நடந்துவிட்டுப் போவாள். இப்போது இவர்கள் யாரையும் எங்கேயும் காணவில்லை. பாட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

இது என் ஒருத்தியின் அனுபவம் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக, ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று மகளை உட்கார வைத்துத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் புளூமெந்தால் குழு 1999-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன மனச்சோர்வு நோயாளிகள் 156 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் 3 முறை உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்குச் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். ஆரம்பத்தில் மாத்திரை சாப்பிட்டவர்கள் கொஞ்சம் வேகமாகத் தேறினார்கள். அப்புறம் 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, உடற்பயிற்சிப் பிரிவில் குணமானவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. 2024-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 218 ஆய்வுகளை, அதாவது 14,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய முடிவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்த கட்டுரையை வெளியிட்டது. நல்ல பலன் தந்தவற்றில் நடை, மெதுவோட்டம், யோகா, எடைப் பயிற்சி எல்லாம் இருந்தன. வரிசையில் முன்னால் நிற்பது நடை என்பதைக் கவனியுங்கள். இதற்கு டர்ஃபும் வேண்டாம், ஜிம்மும் வேண்டாம்.

இன்னொன்று உங்களுக்கென்றே சொல்ல வேண்டியது. நார்வேயில் கிட்டத்தட்ட 34,000 பேரை 11 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2018-ல் வந்தது. எல்லோரும் வாரம் 1 மணி நேரமாவது உடலை அசைத்திருந்தால், புதிதாக வந்த மனச்சோர்வில் சுமார் 12 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். வாரம் 1 மணி நேரம் என்பது தினம் 10 நிமிடம்கூட இல்லை. மூச்சு வாங்க ஓட வேண்டியதில்லை, திறந்த இடம் இருந்தால் போதும். 2022-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அப்படித்தான் வந்தது. வாரம் இரண்டரை மணி நேரம் வேகமாக நடப்பவர்களுக்கு, எதுவுமே செய்யாதவர்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவு. அதில் பாதி நடந்தாலே 18 சதவீதம் குறைவு.

இந்த ஆய்வுகளில் குறை இல்லாமல் இல்லை. மாத்திரையைச் சோதிக்கும்போது, சாப்பிடுகிறவருக்கே தெரியாமல் சிலருக்கு அதற்குப் பதில் சர்க்கரை உருண்டை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். நடப்பவருக்கு, தான் நடக்கிறோம் என்பதை மறைத்துச் சோதிக்க முடியாது. பல ஆய்வுகள் சின்னவை, நோய் முற்றிப் படுத்தவர்கள் அதில் அதிகம் சேர்வதும் இல்லை. நடந்தால் எல்லாம் சரியாகிவிடும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று இதைப் படிக்கும் யாரும் நினைத்துவிடக் கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவர்கள் முதலில் போக வேண்டியது மருத்துவரிடம். ராத்திரி நேரமானால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, கூப்பிடுங்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. நடை அதற்கெல்லாம் பக்கத்துணை. ஆனால் பணம் இல்லாதவர்களுக்கும் கிடைக்கக்கூடிய பக்கத்துணை என்பதால்தான் அதன் வாசலில் பணம் கேட்பது எனக்கு இத்தனை வலிக்கிறது.

நீங்கள் ஒதுக்கிய நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். இந்த நோய் உள்ள பலருக்கு நாளிலேயே கொடுமையான நேரம் விடியற்காலைதான். மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கண் திறந்ததும் நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கும், பொழுது ஏற ஏறக் கொஞ்சம் விலகும், சாயங்காலம்தான் வெளியே முகம் காட்டத் தைரியம் வரும். அப்படிப்பட்டவர்களிடம் 7 மணிக்குள் நடந்து முடித்துவிடு என்கிறீர்கள். நோய் இல்லாத பெண்களுக்கும் அந்த நேரம் கிடையாது. காலை 5 முதல் 7 வரை இந்த ஊரில் எந்தப் பெண் வீட்டை விட்டு வர முடியும்? பால், சமையல், டிபன் பாக்ஸ், பிள்ளைகளைக் கிளப்புவது எல்லாம் அப்போதுதான். நகராட்சிக் குழாயில் தண்ணீர் விடுவதும் அந்த நேரம்தான், அந்த நேரத்தை முடிவு செய்வதும் நீங்கள்தான். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து, காபி கொடுத்து, ராத்திரிச் சமையலைத் தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கும் 5 மணிக்கும் 7 மணிக்கும் இடைப்பட்ட பொழுதுதான் எங்களுடையது. அதை எடுத்து வாடகைக்கு விட்டுவிட்டீர்கள். மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்படியிருக்க, பெண்கள் வர முடிந்த நேரத்தைத்தான் முதலில் வெட்டியிருக்கிறீர்கள்.

அடுத்தது அட்டை. ஆதார் நகல், 2 போட்டோ, விண்ணப்பம், அலுவலகக் கவுன்ட்டரில் வரிசை, ஒரு மாதப் பணம் முன்கூட்டியே. நல்ல உடம்புள்ளவர்களுக்கு இது ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான். நாளைக்கு எழுந்திருப்போமா என்றே தெரியாதவள் ஒரு மாதத்துக்கு எப்படிப் பணம் கட்டுவாள்? மனச்சோர்வில் இருப்பவருக்கு வீட்டுக் கதவைத் தாண்டுவதே பெரிய காரியம். அதைத் தாண்டி வந்தவர் முன்னால் இன்னொரு தடை வந்தால், சண்டை போட மாட்டார், மனு எழுத மாட்டார். "சரி, விடு" என்று திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வார். அதனால்தான் உங்களுக்கு அதிகம் புகார் வரவில்லை. புகார் வரவில்லை என்பதை வைத்து யாருக்கும் பாதிப்பில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சாலையில் நடக்கலாமே என்று உறுப்பினர் ஒருவர் எங்களிடமே சொன்னார். எந்தச் சாலையில் என்று அவர் காட்டினால் நன்றாக இருக்கும். பேருந்து நிலையச் சாலையில் நடைபாதை முழுக்கக் கடைகள். கிழக்குப் பக்கம் போனால் மதுக்கடை வாசல். தெருக்களில் நாய்கள், பைக்குகள், அப்புறம் யாரைப் பார்த்தாலும் "எங்க கிளம்பிட்டீங்க?" என்ற கேள்வி. மைதானத்தில் அந்தக் கேள்வி வராது. அங்கே எல்லோரும் நடக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்பதால் யாரும் யாரிடமும் காரணம் கேட்பதில்லை. அந்த நிம்மதியைச் சாலையில் தேட முடியாது.

ராத்திரியில் குடிக்க வருகிறார்கள், அதனால் பூட்டுகிறோம் என்பது உங்கள் அடுத்த பதில். குடிக்கிறவர்கள் இப்போதும் பின்சுவரில் ஏறித்தான் குதிக்கிறார்கள். காலையில் போனால் காலரிக்குக் கீழே பாட்டில் கிடப்பதைப் பார்க்கலாம். முன்னே நாங்கள் நடந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இருந்ததால் அவர்கள் 9 மணிக்கு முன்னால் வந்ததில்லை. வருமானம் இல்லாமல் பராமரிக்க முடியாது என்பதும் எனக்குப் புரிகிறது, நகராட்சியின் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. டர்ஃப் வாடகை வரட்டும். ஆனால் வலைக்கு வெளியே இருக்கும் மண்பாதைக்கு என்ன செலவு? எரியாமல் கிடக்கும் விளக்குகளை மாற்ற வேண்டும், வாரம் ஒரு முறை கூட்ட வேண்டும், கழிப்பறையைத் திறந்து வைக்க வேண்டும். டர்ஃப் வருமானத்தில் ஒரு பங்கைக் கொண்டே இதைச் செய்துவிடலாம்.

தமிழ்நாடு அரசே 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பாதை நம் ஊருக்கு வரவில்லை, பேருந்து ஏறிப் போய் நடந்துவிட்டு வர எங்களால் முடியாது. அரசு மக்களை நடக்கச் சொல்லும் காலத்தில், ஏற்கெனவே இருந்த பாதையை நகராட்சி பூட்டுவது எந்த வகையில் சேர்த்தி? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. இந்தியாவில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு வருகிறது, நோய் உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வருவதே இல்லை என்று அது சொன்னது. உங்கள் வார்டு மக்கள்தொகையை 20-ஆல் வகுத்துப் பாருங்கள், நான் யாருக்காகப் பேசுகிறேன் என்று தெரியும். மனநோய் வராமல் தடுக்கவும் மனநலத்தை வளர்க்கவும் திட்டம் போட்டு நடத்துவது அரசின் கடமை என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 29-ம் பிரிவு சொல்கிறது. பூங்கா, விளையாட்டு மைதானம், திறந்தவெளி இவற்றைப் பாதுகாக்க இந்த மாநிலத்தில் 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். ரசீது வந்தது, பதில் வரவில்லை. அதனால் இனி கேட்பதை எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.

மைதானத்தைச் சுற்றியுள்ள நடைபாதையைக் குத்தகையிலிருந்து நீக்குங்கள். வலைக்கு உள்ளே இருப்பது ஒப்பந்ததாரருக்கு, வெளியே இருப்பது மக்களுக்கு என்று ஒப்பந்தத்தைத் திருத்தி, அதன் நகலை நகராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

நடப்பதற்கு அட்டையும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். காலை 5 மணி முதல் இரவு 8 மணி வரை கதவு திறந்திருக்க வேண்டும். வெயில் நேரத்தில் யார் வரப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு 10 மணிக்கு வேப்பமர நிழலோரமாக நடப்பவர்கள் இருந்தார்கள்.

மாலை 5 முதல் 8 வரை விளக்கும், பெண்கள் கழிப்பறையும், ஒரு காவலாளியும் வேண்டும். காவலாளி பெண்ணாக இருந்தால் இன்னும் நிறையப் பேர் வருவார்கள்.

மாவட்ட மனநலத் திட்டக் குழு நம் ஊர் அரசு மருத்துவமனைக்கு வாரம் ஒரு நாள் வருகிறது. அன்று மாலை மருந்து வாங்க வந்தவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடக்க மைதானத்தை ஒதுக்கித் தரும்படி அவர்களுக்கு நீங்களே கடிதம் எழுதுங்கள். தனியாக வரப் பயப்படுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வர நானும் என் நாத்தனாரும் தயார்.

வரும் மன்றக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்து விவாதியுங்கள். நடந்தவர்களில் இரண்டு மூன்று பெண்களைக் கூப்பிட்டுப் பேச விடுங்கள், பேசுவதற்கு நான் வருகிறேன். முடிவு எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள்.

அந்தக் கூட்டம் வரும் வரை, பம்ப் அறைப் பக்கத்துச் சின்னக் கதவை மட்டுமாவது மாலையில் திறந்துவைக்க ஆணையர் இன்றே உத்தரவு போட வேண்டும். அதற்குத் தீர்மானம் எதுவும் தேவையில்லை, சாவி நகராட்சி வாட்ச்மேனிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நகராட்சிக்கு வீட்டு வரி கட்டும் ஒரு தையல்காரப் பெண்